கொண்டித்தொழுவம்

இழுவை லாரியின் மஞ்சள் விளக்கு
பாப்லர் மரங்களைத் தொட்டுத் தொட்டு வந்தால்
தேநீரை மூடி வைத்துவிட்டு எழுவேன்.
ஹேஸ்டிங்ஸில், ரயில் பாதைக்குப் பின்னால்,
வேலி தாண்டி மேய்ந்த வண்டிகளை
அடைத்து வைக்கும் இடம் என் பொறுப்பு.

அன்று வந்தது நீல ஹோல்டன்.
பின்சக்கரங்கள் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன.
ரப்பர் கருகிய வாடை
என் கம்பளிச் சட்டையில் ஏறி
மூன்று சலவைக்கும் இறங்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
இடது கதவில் நசுங்கல், பழையது.
பின்னால் குழந்தை இருக்கை ஒன்று,
அதன் மடிப்பில் பாதி கடித்த ரஸ்க்.
குற்றம்: ஓமாஹு சாலையில் புகை கிளப்பி வட்டமடித்தது.
காலம்: இருபத்தெட்டு நாள்.

ஓட்டியவன் டாவிட்டா, வயது பத்தொன்பது.
வண்டி அவன் அக்கா சினாவுடையது.
விடிவதற்குள் அவள்தான் வந்தாள்,
ஆப்பிள் கொட்டகைச் சீருடையில், நடந்து.
நான் என்ன செய்தேன் என்று கேட்கவில்லை.
குழந்தை இருக்கையை மட்டும் கேட்டாள்.
கொடுக்கலாம், சட்டத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு.
தலையில் கவிழ்த்துக்கொண்டு
உறைபனி பூத்த தண்டவாளத்தைக் கடந்து போனாள்.

மேய்ந்தது ஒன்று,
அடைபட்டது வேறொன்று.
மாடாக இருந்தால் இரவெல்லாம் கத்தியாவது இருக்கும்.

தென் மூலையில் நிற்பவை
யாரும் மீட்க வராதவை.
கட்டணம் வண்டியின் விலையைத் தாண்டியதும்
பையன்கள் அதை எனக்கே விட்டுவிட்டு
அறுநூறு டாலருக்கு இன்னொன்று வாங்குவார்கள்.
அதையும் ஆகஸ்டில் நான் பார்ப்பேன்.
ப்ரென்டன் ஹாஸ்கெட் மூன்று முறை வந்தான்,
மூன்றாம் முறை என் நாய்க்கு பிஸ்கட்டோடு.

வெலிங்டனிலிருந்து ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள்.
"இதனால் பயம் வருகிறதா?"
"யாருக்கு?" என்றேன்.
அவள் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

கிழக்கு மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒன்று.
அதற்கு இருபத்தெட்டு நாள் கணக்கு கிடையாது,
மரண விசாரணை முடியும் வரை.
ஒரு வெள்ளிக்கிழமை, கெடு முடிந்து
கட்டணம் சரிபார்த்து நான் திருப்பிக் கொடுத்த வண்டி.
ஞாயிற்றுக்கிழமை லாரியின் முதுகில் திரும்பி வந்தது.
இரண்டு வரவுக்கும் கையெழுத்து என்னுடையது.
காற்றடித்தால் தார்ப்பாய் மூச்சு விடும்.
நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

ஒன்பதாம் நாள் வேலிக்கு வெளியே டாவிட்டா.
தோளில் அக்கா மகள், ஒரு காலில் மட்டும் செருப்பு.
"பேட்டரி செத்துவிடும், ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்களேன்."
அனுமதி இல்லை என்றேன்.
"பள்ளிக்கு இவளை நான்தான் தூக்கிப் போகிறேன்.
வழியில் எல்லா நாயும் பழக்கமாகிவிட்டது."
சொல்லும்போது சிரித்தான்,
வெட்கமா பெருமையா தெரியவில்லை.
குழந்தை தார்ப்பாயைக் காட்டி
அது ஏன் தூங்குகிறது என்று கேட்டது.
அவன் பதில் சொல்லவில்லை.
நெடுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இருபத்தெட்டு இரவுகளில்
ஓமாஹு சாலையில் அவனால் எதுவும் நடக்கவில்லை.
நடக்காததை எழுத
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.
இருந்தாலும் ஓரத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கடைசி நாள் சினா பணம் எண்ணினாள்,
பெரும்பாலும் இருபது டாலர் நோட்டுகள்.
பேட்டரி செத்துத்தான் போயிருந்தது.
கம்பி கொடுத்து உயிரூட்டினேன்.
சாவியை அவள் தம்பியிடம் நீட்டினாள்,
அவளுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

வாசல் வரை ஊர்ந்தான்.
ரயில் வராத கடவையில் நின்று, இருபுறமும் பார்த்தான்.
நான் பார்ப்பது தெரிந்துதான் பார்த்தானா?

கேட்டைப் பூட்டாமல்
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
தண்டவாளத்தில் இரண்டு முறை தடக்கென்றது.
பிறகு வளைவு.
அதற்குப் பிறகு கம்பத்தில் ஒரு மேக்பை,
அது கத்தி முடிக்கட்டும் என்று
இன்னும் கொஞ்சம் நின்றேன்.